ஈரல் கட்டியை வெட்டி எடுத்த பிறகு: ஹெபடைடிஸ் பி உள்ளவர்களும் வீட்டாரும் கேட்பவை

ஈரலில் வந்த புற்றுநோய்க் கட்டியைச் சத்திரசிகிச்சையில் எடுத்துவிட்டு, உடம்பில் ஹெபடைடிஸ் பி வைரஸோடு வாழ்கிறவர்களுக்கான பக்கம் இது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்துக் கிளினிக் வாங்கில்களில் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாயால் வந்தபடியே போட்டிருக்கிறோம். பதில்கள் பொதுவானவை. உங்கள் கிளினிக் கொப்பியில் டொக்டர் வேறு மாதிரி எழுதியிருந்தால் கொப்பியில் உள்ளபடி செய்யுங்கள். காரணத்தையும் அவரிடமே கேளுங்கள்.

1. கட்டிய முழுசா எடுத்தாச்சு எண்டு டொக்டர் சொன்னவர். இனி வராதுதானே?

வரலாம். முழுசாக எடுத்தாச்சு என்று அவர் சொன்னது பொய்யல்ல. கண்ணுக்கும் ஸ்கானுக்கும் தெரிந்த கட்டி போய்விட்டது என்பதே அதன் பொருள். ஈரல் புற்றுநோயை வெட்டி எடுத்தவர்களில் பாதிப்பேருக்கு மேல், பல நாட்டுப் பதிவுகளின்படி 50 முதல் 70 வீதமானோருக்கு, ஐந்து ஆண்டுகளுக்குள் ஈரலில் மறுபடி கட்டி தோன்றுகிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இது தெரியாததால்தான் பலர் ஆறு மாதத்தோடு கிளினிக்கை விட்டுவிடுகிறார்கள்.

காரணம் இரண்டு. ஒன்று, வெட்டும்போதே ஈரலின் வேறு மூலையில் கண்ணுக்குத் தெரியாத புற்றுக்கலங்கள் தங்கியிருக்கலாம். மற்றது, கட்டி முளைத்த நிலம் அப்படியே கிடக்கிறது. வைரஸ் ஈரல் கலங்களுக்குள் இருக்கிறது. அதன் துண்டுகள் சில கலங்களின் மரபணுவுக்குள்ளேயே செருகியிருக்கின்றன. வருடக்கணக்கான அழற்சியில் ஈரல் வடுப்பட்டும் இருக்கும். அந்த நிலத்தில் புதுசாக இன்னொரு கட்டி முளைக்கலாம்.

2. மெனிக் பாம் முகாமில இருக்கேக்க எனக்குச் செங்கண்மாரி வந்து மாறினது. அதால வந்ததோ இது?

இல்லை. 2009இல் வவுனியாவின் அந்த இடம்பெயர்ந்தோர் முகாம்களில் பரவியது ஹெபடைடிஸ் ஏ வகை. அது தண்ணீராலும் சாப்பாட்டாலும் தொற்றி, சில கிழமைகளில் மாறிவிடும். உடம்பில் தங்காது, புற்றுநோயும் தராது. பி வகை இரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றுவது. குழந்தையில் தொற்றினால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். கண் மஞ்சளாகாமலே முப்பது, நாற்பது வருடம் சத்தமில்லாமல் இருக்கும். "எனக்குச் செங்கண்மாரியே வந்ததில்லை, பிறகெப்படி?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

3. எத்தினை வருசத்துக்குப் பயப்பிட வேணும்?

முதல் இரண்டு வருடங்கள்தான் மிகக் கவனமான காலம். அதற்குள் வருவது பெரும்பாலும் பழைய கட்டியின் மிச்சம். இரண்டு வருடத்துக்குப் பிறகு வருவது பெரும்பாலும் புதுசு. வைரஸும் வடுவும் சேர்ந்து உண்டாக்கியது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள், கீழே பல பதில்கள் இதில்தான் தொங்குகின்றன. பழைய கட்டியின் மிச்சத்தை நீங்கள் வீட்டில் இருந்து மாற்ற முடியாது. நேரத்தோடு கண்டுபிடிக்கத்தான் முடியும். புதுசாக முளைப்பதைக் குளிசையாலும் பழக்கவழக்கத்தாலும் குறைக்கலாம்.

4. பயோப்சி றிப்போட் தந்தவை. ஒண்டும் விளங்கேல்ல. எதைப் பாக்கிறது?

வெட்டி எடுத்த துண்டைப் பரிசோதித்து எழுதும் இந்தத் தாளைப்போல உங்கள் ஆபத்தைச் சொல்லும் தாள் வேறில்லை. ஐந்து விஷயங்களைத் தேடுங்கள். கட்டியின் அளவு: 5 சென்ரிமீற்றருக்கு மேலென்றால் ஆபத்துக் கூட. எண்ணிக்கை: ஒன்றா பலவா, பக்கத்தில் குட்டிக் கட்டிகள் உண்டா. வெட்டு விளிம்பு: விளிம்பில் புற்றுக்கலம் இல்லை என்றிருக்க வேண்டும், எத்தனை மில்லிமீற்றர் தள்ளி என்றும் எழுதியிருப்பார்கள். நல்ல ஈரலும் சேர்த்து அகலமாக வெட்டினால் மிச்சம் தங்குவது குறையும். ஆனால் சிரோசிஸ் (ஈரல் முழுக்க வடுப்பட்டு இறுகிய நிலை) உள்ளவரிடம் அகலமாக வெட்டினால் மீதி ஈரல் தாங்காது. விளிம்பு சிறிதாக இருந்தால் டொக்டர் அசட்டையாக வெட்டினார் என்று எண்ண வேண்டாம்.

நான்காவது, நுண்குழாய் ஊடுருவல். எம்.வி.ஐ. என்று சுருக்கி எழுதுவார்கள். சின்ன இரத்தக் குழாய்களுக்குள் புற்றுக்கலம் புகுந்திருக்கிறதா என்பது அது. "உண்டு" என்றிருந்தால் முதல் இரண்டு வருடத்தில் திரும்பும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. ஸ்கானை ஒருமுறைகூடத் தவறவிடக் கூடாதவர்கள் இவர்கள். ஐந்தாவது, கட்டியைச் சுற்றியிருந்த ஈரல் எப்படி இருந்தது என்பது. அங்கே சிரோசிஸ் என்றோ எப் 4 (வடுவின் கடைசிப் படி) என்றோ இருந்தால் 3ஆம் பதிலில் சொன்ன பிந்திய வகையின் ஆபத்துக் கூட. இந்த ஐந்தையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு டொக்டர் பார்க்கும் இடங்களில் இது பெரிய உதவி.

5. கட்டிதான் போட்டுதே. வைரஸ் குளிசை இன்னும் ஏன்?

கட்டிக்கான மருந்து இல்லை அது; நிலத்துக்கான மருந்து. வைரஸ் பெருகினால் அழற்சி, அழற்சியால் வடு, வடுவில் கட்டி. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வைரஸ் குளிசை எடுத்தவர்களுக்குக் கட்டி திரும்புவது குறைவு, ஆயுளும் கூட என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. பெரிய சத்திரசிகிச்சை நடந்த உடம்பில் அடங்கியிருந்த வைரஸ் திடீரென்று எழும்பலாம். பாதி ஈரலோடு இருப்பவர் அதைத் தாங்கமாட்டார். அதனால் வைரஸ் அளவு குறைவாக இருந்தவருக்கும் குளிசை கொடுக்கிறார்கள்.

எவ்வளவு காலம்? ஆயுள் முழுக்க என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. எனக்கு 300, பக்கத்து வீட்டு அண்ணைக்கு 25. அவருக்கு ஏன் குறைவு? சாப்பிட முன்னமோ பின்னமோ?

இரண்டும் டெனோபோவிர் என்ற வைரஸ் குளிசைதான், வடிவம் வேறு. டைசொப்ரொக்சில் ஃபியூமரேட் வகை 300 மில்லிகிராம். சில பெட்டிகளில் 245 என்று அச்சிட்டிருக்கும், ஃபியூமரேட்டின் நிறையைச் சேர்க்காமல் எழுதினால் அந்தக் கணக்கு, மருந்து அதேதான். அலாபெனமைட் வகை 25 மில்லிகிராமிலேயே போதிய அளவு ஈரலுக்குள் போகும். இலக்கத்தைப் பார்த்து ஒன்று பலமானது, மற்றது பலவீனமானது என்று எண்ணி 25ஐ இரண்டாகப் போட்டுவிடாதீர்கள். அலாபெனமைட்டைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். 300ஐயும் சாப்பாட்டோடு எடுத்தால் நல்லது.

இன்னொரு வைரஸ் குளிசையான என்டெகாவிர் 0.5 மில்லிகிராம் இதற்கு நேர்மாறு: வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் முன்பு. இராச் சாப்பாட்டை ஏழரைக்கு முடித்துப் பத்து மணிக்குப் படுக்கும்போது போடுவது வயல் வேலைக்காரருக்கு வசதி. தேத்தண்ணியோடு பிஸ்கட் கடித்துவிட்டுப் போட்டால் அது வெறும் வயிறு இல்லை.

7. குளிசை முடிஞ்சுது. கிளினிக்குக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு. அதுவரை விட்டா என்ன?

விடக் கூடாது. ஒரு நாள் மறந்தால் பயமில்லை: வழமையான நேரத்திலிருந்து 12 மணித்தியாலத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போடுங்கள், அதற்கு மேலென்றால் அடுத்ததை உரிய நேரத்தில். இரண்டைச் சேர்த்துப் போட வேண்டாம். கிழமைக்கணக்கில் விடுவது வேறு விஷயம். வைரஸ் மறுபடி பெருகி, சில கிழமைகளிலோ மாதங்களிலோ ஈரல் அழற்சி வெடித்துக் கிளம்பும். விட்டவுடன் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, அதுதான் ஏமாற்றுகிறது. செய்யும்போது கண் மஞ்சளாகி வயிற்றில் நீர் கட்டிவிடும்.

கையில் பத்து நாள் குளிசை இருக்கும்போதே அடுத்ததைத் தேடத் தொடங்குங்கள். 2022 நெருக்கடியில் நாடு முழுக்க மருந்து தட்டுப்பட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆஸ்பத்திரி பாமசியில் இல்லையென்றால் வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். கம்பனி வேறாக இருந்தாலும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால் சரி. மிச்சம் பிடிக்கவென்று ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, மலிவென்று பழைய வைரஸ் குளிசையான லமிவுடினுக்கு மாறுவது இரண்டும் பிழை. லமிவுடினுக்கு வைரஸ் வருடப்போக்கில் பழகிவிடும். முன்பு லமிவுடின் எடுத்தவர்களிடம் என்டெகாவிரும் நாளடைவில் தோற்கும். எப்போதாவது லமிவுடின் எடுத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

8. எங்கட பக்கம் கனபேருக்குக் கிட்னி வருத்தம். இந்தக் குளிசை கிட்னிய அடிக்குமெண்டு சொல்லினம்?

நியாயமான பயம். காரணம் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கமும் இருக்கிறது. டெனோபோவிர் 300 சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் மெல்லப் பாதிக்கும். அதனால் தொடங்க முன்பும், பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கொரு முறையும் இரத்தத்தில் கிரியேற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்க்க வேண்டும். சிறுநீரகம் குறைந்தவருக்கு என்டெகாவிரோ அலாபெனமைட் வகையோ பொருத்தம். அளவையும் இடைவெளியையும் மாற்றுவதும் உண்டு. மாற்ற வேண்டியது டொக்டர். பயத்தில் நீங்களே நிறுத்தினால் 7இல் சொன்ன கதைதான்.

9. மூண்டு மாசத்துக்கொருக்கா அலையிறம். இரத்தத்தில ஏ.எப்.பி. மட்டும் பாத்தாக் காணாதோ?

காணாது. ஏ.எப்.பி. என்பது ஈரல் புற்றுக்கட்டி இருந்தால் பலருக்கு இரத்தத்தில் ஏறும் ஒரு புரதம். ஆனால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக் கட்டிகள் அதை ஏற்றுவதே இல்லை. உங்கள் பழைய இலக்கத்தைப் பாருங்கள். வெட்ட முன்பு 400, 1000 என்று இருந்து, வெட்டி இரண்டு மாதத்துக்குள் சாதாரண அளவுக்கு இறங்கியிருந்தால் உங்களுக்கு அது நல்ல காவல்காரன். வெட்ட முன்பே 5 என்று இருந்திருந்தால் இப்போதும் 5 என்று வருவதில் ஆறுதல் ஒன்றுமில்லை. இறங்கவே இல்லையென்றால் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று தேடுவார்கள்.

வழமையான ஒழுங்கு இது: முதல் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கொரு முறை சிற்றி அல்லது எம்.ஆர்.ஐ., கூடவே ஏ.எப்.பி.; அதன் பிறகு ஆறு மாதத்துக்கொரு முறை. 4ஆம் பதிலில் நுண்குழாய் ஊடுருவல் உள்ளவர்கள் மூன்று மாதக் கணக்கில் நில்லுங்கள்.

10. இங்கயே அல்ட்ராசவுண்ட் எடுக்கலாமெண்டா ஏன் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அனுப்பினம்?

வெட்டிய ஈரலில் தழும்பு, வளர்ந்த புதுத் தசை, சிரோசிஸ் முடிச்சு எல்லாம் கலந்திருக்கும். அல்ட்ராசவுண்டில் அவற்றுக்கிடையே ஒரு சென்ரிமீற்றர் கட்டியைப் பிரித்தறிவது கஷ்டம். சிற்றியில் மருந்து ஏற்றிக் கட்டம் கட்டமாகப் படம் எடுப்பார்கள். ஈரல் புற்றுக்கட்டி தமனி இரத்தத்தைக் குடிப்பதால் முதல் கட்டத்தில் பளிச்சென்று தெரியும். பிந்திய கட்டத்தில் சுற்றியுள்ள ஈரலைவிடக் கறுத்துப் போகும். அந்தப் பளிச்சும் கறுப்பும்தான் அடையாளம். மருந்தேற்றாத வெறும் சிற்றியில் அது தெரியாது. தனியாரில் காசு கொடுத்து எடுப்பவர்கள் துண்டில் "மூன்று கட்ட" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். கிரியேற்றினின் றிப்போட்டும் கையில் இருக்கட்டும், மருந்தேற்ற முன்பு கேட்பார்கள்.

பழைய ஸ்கானின் சிடியைக் கட்டாயம் கொண்டுபோங்கள். றிப்போட் தாள் மட்டும் போதாது. புதுப் படத்தில் தெரியும் புள்ளி போன முறையும் இருந்ததா என்பதைப் பழைய படத்தோடு வைத்துத்தான் சொல்ல முடியும். சிடி இல்லாமல் போய் "சந்தேகம், மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்கவும்" என்று வாங்கி வருபவர்கள் கனபேர்.

11. உடம்பில செல் (எறிகணை) துண்டு கிடக்கு. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமோ?

கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்ல வேண்டிய விஷயம். எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம். இரும்புத் துண்டு என்றால் அசையலாம், சூடேறலாம். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் பக்கத்தில் இருந்தால் ஆபத்து. தசைக்குள் வருடக்கணக்கில் இறுகிக் கிடப்பதற்கு அவ்வளவு பயமில்லை என்றாலும் முடிவு கதிரியக்கப் பிரிவினருடையது. முதலில் எக்ஸ்றே எடுத்து எங்கே, எத்தனை என்று பார்ப்பார்கள். "சின்னத் துண்டுதானே, காயம் ஆறிட்டுது" என்று மறைக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. முடியாதென்றால் மூன்று கட்டச் சிற்றி போதுமான மாற்று. துண்டு ஈரலுக்குக் கிட்ட இருந்தால் சிற்றிப் படத்தில் கீற்றுக் கீற்றாக ஒளி விழுந்து மறைக்கும். அதையும் படம் பார்ப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

12. சாராயம் விட்டிட்டார். கள்ளு இயற்கைதானே, அது பரவாயில்லையோ?

கள்ளிலும் மதுசாரம்தான் இருக்கிறது. ஈரலுக்குப் பனையும் தெரியாது, போத்தலும் தெரியாது. கசிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அளவு குறைத்தல் இல்லை, முற்றாக நிறுத்தல்.

13. மீன், முட்டை கூடாது, பத்தியம் எண்டு அம்மா நிக்கிறா. கீழ்காய்நெல்லி குடிக்கலாமோ?

இந்தப் பத்தியம்தான் பலரை மெலிய வைக்கிறது. வெட்டிய ஈரல் வளரவும் தசை கரையாமல் இருக்கவும் புரதம் வேண்டும்: ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம். 60 கிலோக்காரருக்கு 72 முதல் 90 கிராம். குளத்து மீன், முட்டை, பருப்பு, பயறு எல்லாம் சாப்பிடலாம். சிரோசிஸ் உள்ளவர்கள் படுக்க முன்பு சிறிதாக ஏதாவது சாப்பிடுவதும் நல்லது (என்டெகாவிர் எடுப்பவர்கள் குளிசையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்). வயிற்றில் நீர் இருந்தால் உப்பைக் குறைக்க வேண்டும். அப்போது கருவாடும் ஊறுகாயும்தான் எதிரி, மீன் அல்ல. சிரோசிஸ்காரர் நண்டு, மட்டியை அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது. கடல்நீர்க் கிருமி ஒன்று ஈரல் நோயாளரில் இரத்தம் வரை பரவி ஆளையே கொல்லும்.

கவனிக்க வேண்டியது கச்சான். ஈரத்தோடு மூட்டை கட்டிய கச்சானில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளரொக்சின் என்ற நஞ்சு ஊறும். அதுவும் ஹெபடைடிஸ் பியும் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய் வாய்ப்புப் பலமடங்கு. கோதை உடைத்தால் பருப்புச் சுருங்கி, பச்சை மஞ்சளாகத் தூள் படிந்து, கடித்தால் கசக்கும். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. கசந்ததைத் துப்பிவிட்டு மீதியைச் சாப்பிடும் பழக்கத்தை விடுங்கள். பூஞ்சணம் பிடித்த சோளத்துக்கும் கொப்பராவுக்கும் இதே கதை. நன்றாகக் காய்ந்த கச்சானில் பிழையில்லை.

கீழ்காய்நெல்லி வைரஸை அடக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. குளிசைக்குப் பதிலாகக் குடிப்பது உயிராபத்து. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத சூரணங்களால் ஈரல் பழுதானவர்கள் உண்டு.

14. நாரி நோவுக்கு என்ன போடலாம்?

பரசிற்றமோல். சிரோசிஸ் இருந்தால் நாளுக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை நான்கு. டைக்குளோபெனாக், ஐபுபுரோபென் வேண்டாம். சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்தப்போக்கை உண்டாக்கும்.

15. வைரஸ் டி.என்.ஏ. காணேல்ல எண்டு றிப்போட் வந்திட்டுது. இனிக் குளிசையும் ஸ்கானும் வேண்டாம்தானே?

வேண்டும். இரத்தத்தில் காணவில்லை என்றால் குளிசை வேலை செய்கிறது என்று பொருள். ஈரல் கலங்களின் கருவுக்குள் வைரஸின் மூலப்பிரதி இருக்கிறது. இன்றுள்ள எந்தக் குளிசையும் அதை எடுப்பதில்லை. மேற்பரப்பு அன்டிஜனும் (வைரஸின் வெளிப்புறப் புரதம்) இல்லாமல் போவது இன்னும் நல்ல சேதி, ஆனால் வருடத்துக்கு நூற்றில் ஒருவர் அளவில்தான் அது நடக்கிறது. நடந்தாலும் முன்பு கட்டி வந்த ஈரலுக்கு ஸ்கான் தொடர வேண்டும்.

16. ஏ.எப்.பி. 8இல இருந்து 30 ஆகிட்டுது. கட்டி வந்திட்டுதோ?

ஒரு இலக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஈரல் அழற்சி எழும்பினாலும் ஏ.எப்.பி. ஏறும். குளிசை விட்டவரா என்பதுதான் முதல் கேள்வி. எஸ்.ஜி.பி.ரி. (ஈரல் அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), வைரஸ் டி.என்.ஏ. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அவையும் ஏறியிருந்தால் வைரஸ் பக்கம் சந்தேகம் கூட. அவை சாதாரணமாக இருக்க, ஒரு மாதம் கழித்தும் ஏ.எப்.பி. 30, 60 என்று ஏறிக்கொண்டு போனால் கட்டிப் பக்கம். எப்படியிருந்தாலும் அடுத்த ஸ்கான் திகதி வரை காத்திருக்க வேண்டாம். ஒரே ஆய்வுகூடத்தில் தொடர்ந்து பாருங்கள். கூடத்துக்குக் கூடம் இலக்கம் மாறும்.

17. திரும்ப வராமலிருக்க ஊசி ஏதும் இல்லையோ?

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் கேட்கிறீர்கள் என்றால், தொற்றியவருக்கு அதனால் பலனில்லை. புற்றுநோய் மருந்தைக் கேட்கிறீர்கள் என்றால், வெட்டிய பிறகு சொராபெனிப் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் கிடைக்கவில்லை. அட்டிசோலிசுமாப், பெவசிசுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் 2023இல் நல்ல சேதி வந்தது. மேலும் காலம் பின்தொடர்ந்தபோது அது நிலைக்கவில்லை. காணியை விற்று வாங்கும் விலையுள்ள ஊசி இது. எழுதித் தந்தால் இன்னொரு புற்றுநோய் வைத்தியரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

18. திரும்ப வந்தா அவ்வளவுதானோ?

இல்லை. தவணை ஸ்கானில் 2 சென்ரிமீற்றரில் பிடிபட்ட கட்டிக்கும், வயிறு வீங்கி வந்து பிடிபட்ட 8 சென்ரிமீற்றர் கட்டிக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 3 சென்ரிமீற்றருக்குள் என்றால் ஊசி வழியாகச் சூடேற்றிச் சுடலாம், மீதி ஈரல் தாங்குமென்றால் மறுபடி வெட்டலாம். ஒன்றென்றால் 5 சென்ரிமீற்றருக்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3க்குள் இருப்பவர்களுக்கு ஈரல் மாற்றுச் சிகிச்சையும் யோசிக்கப்படும். ராகமையிலும் கொழும்பிலும் அது செய்யப்படுகிறது. பல கட்டிகள் என்றால் கட்டிக்குப் போகும் குழாயை மருந்தோடு அடைப்பார்கள். வெளியே பரவியிருந்தால் குளிசை, ஊசி மருந்துகள். இரண்டு வருடத்துக்குப் பிந்தி வந்ததற்குப் பொதுவாகப் பலன் நன்று. எந்தச் சிகிச்சை நடந்தாலும் வைரஸ் குளிசை நிற்காது.

தவணைக்கு இடையில் நிறை குறைந்தால், வயிறு ஊதினால், விடாத இருமலோ எலும்பு நோவோ வந்தால் முந்திப் போங்கள். இரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம், ஆள் தடுமாறிக் கதைத்தல் என்றால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

19. பிள்ளையளுக்கும் தொற்றியிருக்குமோ? கோப்பையை வேறாக்க வேணுமோ?

கோப்பை, பாய், கட்டிப்பிடித்தல் எதாலும் தொற்றாது. சவர அலகு, பல்துலக்கி, நகவெட்டி வேறாக இருக்கட்டும். துணைவர், பிள்ளைகள், சகோதரர் எல்லோரும் ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும். இல்லையென்று வந்தவர்களுக்கு 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி. 2003இல்தான் இந்த ஊசி இலங்கையின் தேசிய அட்டவணையில் சேர்ந்தது; அதற்கு முன் பிறந்தவர்கள் போட்டிருக்க வாய்ப்புக் குறைவு. வைரஸ் உள்ள பெண் கர்ப்பமானால் எம்.ஓ.எச். கிளினிக்கில் முதல் நாளே சொல்ல வேண்டும். குழந்தைக்குப் பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் ஊசியும் இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள்.

20. அஞ்சு வருசம் முடிஞ்சுது. ஃபைலை எறியலாமோ?

மார்புப் புற்றுநோய்க்காரர் யாரோ சொன்ன ஐந்து வருடக் கணக்கு இங்கே பொருந்தாது. பிந்திய வகை ஆறாம், எட்டாம் வருடத்திலும் வரும். ஆறு மாத ஸ்கான் தொடரும். டயக்னோசிஸ் காட், பயோப்சி றிப்போட், சத்திரசிகிச்சைக்கு முந்திய சிடி மூன்றும் ஆயுள் முழுக்க வேண்டியவை. 2018 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று வந்தால் போவது முதலில் தாள்தான். பொலித்தீனில் போட்டு உயரத்தில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.